இழுவைப் படகு லைசென்ஸ்: தடையா, மாற்றுத் தொழிலா, காசு கொடுத்துத் திரும்ப வாங்குவதா?

மலேசியாவில், பினாங்கின் பத்து மாவுங் மீன்பிடித் துறைமுகத்தில், கடலடியோடு வலையை இழுத்துப் போகும் இழுவைப் படகுகள் மீன் இறக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நல்ல மீனோடு விரல் நீளக் குஞ்சுகளும் கூடை கூடையாக வரும். அவை மீன் தூளுக்கும் தீவனத்துக்கும் போய்விடும். பினாங்கு கடலில் இந்தப் படகுகள் குறைய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி, யார் காசில் என்பதுதான் கேள்வி.

நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுமத்திராவில் தடை போட்டுப் பார்த்தார்கள். 1980இல் இந்தோனேசிய அரசு இழுவை வலையைத் தடை செய்தது. அதற்கு முன் சிறு மீனவர்களுக்கும் இழுவைப் படகுக்காரர்களுக்கும் கடும் மோதல். நம் மேற்குக் கரையிலும் அந்தக் காலத்தில் படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. தடையால் கரையோர மீனவருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆனால் நாளடைவில் அதே வேலையைச் செய்யும் ‘சாந்தராங்’ வலை பரவி, 2015இல் அதற்கும் தனியாகத் தடை போட வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் வேறு வழி. பாக் நீரிணையில் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்ற 2017இல் 1,600 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. படகுக்கு 80 லட்சம், அதில் 10 விழுக்காடு மீனவர் பங்கு, 20 விழுக்காடு வங்கிக் கடன். காகிதத்தில் அழகான திட்டம்தான். ஆனால் காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவரை வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கச் சொன்னால் எளிதில் வருவாரா? எதிர்பார்த்த வேகத்தில் ஆள் சேரவில்லை.

மூன்றாவது, லைசென்ஸைத் திரும்ப வாங்குவது. அமெரிக்க மேற்குக் கரையில் 2003இல் 91 இழுவைப் படகுகளின் லைசென்ஸை 4 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வெளியேற விரும்பியவர் தன் விலையை எழுதிக் கொடுத்தார். பிடிக்கும் மீனின் மதிப்போடு ஒப்பிட்டு, குறைவாகக் கேட்டவருக்கு முதலிடம். லைசென்ஸோடு நிற்கவில்லை, அந்தப் படகுகளும் இனி எங்கேயும் மீன்பிடிக்கக் கூடாது என்று விதித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். காகிதத்தை மட்டும் வாங்கினால் படகு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும்.

நெருடுவது பண விஷயம். அரசு கொடுத்தது 1 கோடி டாலர்தான். மீதி 3 கோடியே 60 லட்சம், தொழிலில் தங்கியவர்கள் தலையில் கடனாக விழுந்தது. வட்டி கிட்டத்தட்ட 7 விழுக்காடு. கட்டணம் வசூலிக்கவே 2005 ஆகிவிட்டது, அதற்குள் வட்டி ஏறிவிட்டது. போனவர் காசோடு போனார், இருந்தவர் பல ஆண்டுகள் கட்டிக்கொண்டே இருந்தார்.

சரி, நமக்கு? ஆண்டுதோறும் புதுப்பிக்கும் லைசென்ஸை, கொடுத்த அரசே விலைக்கு வாங்குவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த லைசென்ஸைக் கொடுத்ததும், லிட்டர் 1.65 ரிங்கிட்டுக்கு மானிய டீசல் ஊற்றியதும் இதே அரசுதான். அதை நம்பி முதல் போட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது தவறு. அதனால் திரும்ப வாங்குவதே மூன்றில் சிறந்தது என்பேன். விலை மட்டும் படகுக்கும் வலைக்கும் இருக்கட்டும், எதிர்கால லாபக் கணக்குக்கு வேண்டாம். லைசென்ஸை வாடகைக்கு விட்டுக் கரையில் இருப்பவருக்கு இதில் பங்கு கூடாது. படகில் வேலை செய்தவருக்குக் கட்டாயம் உண்டு. அமெரிக்காவில் பணம் உரிமையாளர் கைக்குத்தான் போனது. இங்கே பல படகுகளில் கூலியாட்கள் மியன்மார், தாய்லாந்துக்காரர்கள். அவர்களுக்காக யார் பேசப்போகிறார்கள்?

அப்புறம், கரையோரக் கடல் சிறு மீனவருக்கு என்று 1980களிலேயே வகுத்த விதியைக் காக்க ரோந்துப் படகு வேண்டும். அது இல்லாமல் 50 லைசென்ஸ் வாங்கினாலும் மிச்சமிருக்கும் படகுகள் இரவில் கரைக்குள் வந்து வலை இழுக்கும். அதற்கான பணத்தையும் முதல் நாளே ஒதுக்க வேண்டும்.