காட்டுயிர் பாடம்: பொம்மலாட்டமா, பிள்ளைகளே நடிக்கும் நாடகமா?

ஐந்தாறு வயதில் ஆந்தை, பாம்பு, வௌவால் என்றாலே பல பிள்ளைகளுக்குப் பயம். அதைப் போக்கக் கைப்பொம்மைக்கு ஈடில்லை. ஆந்தைப் பொம்மையின் தலையை மெதுவாக 270 பாகை திருப்பி, "என் கண்ணை உருட்ட முடியாது, அதான் கழுத்தைத் திருப்புறேன்" என்று பேசவையுங்கள். பின்வரிசையில் ஒளிந்திருந்த பிள்ளையும் முன்னால் வந்துவிடும். ஆசிரியரிடம் கேட்கத் தயங்குவதைப் பொம்மையிடம் கூசாமல் கேட்கும். ஆனால் விலங்கு பேசிக்கொண்டே இருந்தால், காட்டுயிரும் கொஞ்சி வளர்க்கும் பிராணிதான் என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு உறுத்துவது அதுதான்.

நாடகம் வேறு மாதிரி. ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி வௌவாலாக்குங்கள். அது "வௌவால்" என்று கத்தும்போதெல்லாம், சுற்றி நிற்பவர்கள் "பூச்சி" என்று பதில் கொடுக்க வேண்டும். குரல் வந்த பக்கம் கையை நீட்டி, தடுமாறி, நின்று, திரும்பவும் கத்தி நகரும் அந்தப் பிள்ளைக்கு, எதிரொலியை வைத்து இரை பிடிப்பது எப்படி என்று உடம்பாலேயே புரிகிறது. பொம்மையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இது கிடைக்காது. 30 பேர் ஒன்றாக இறங்கினால் கூச்சல்தான். பத்துப் பத்துப் பேராகப் பிரித்தால் சரி.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் நாடகத்தையே எடுப்பேன். பயந்த பிள்ளைகள் அதிகமா? முதல் பத்து நிமிடம் பொம்மை, அப்புறம் நாடகம்.