மைனர் பெயரில் உள்ள மனை: ஒரு சட்ட ஆலோசனை அலுவலகம் பற்றிய மதிப்புரை

மகளின் பெயரில் வாங்கிய மனையை விற்கலாமா என்ற ஒரே கேள்வியுடன் என் தம்பி இந்தச் சட்ட ஆலோசனை அலுவலகத்துக்குச் சென்றார். உடன் சென்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். கிடைத்த பதில் அவருக்கு உவப்பாக இல்லை என்றாலும், கட்டணம் வீண்போகவில்லை என்பதே என் கருத்து.

பணம் முழுவதும் தம்பியின் சம்பளத்திலிருந்து போனது, பத்திரமும் அவர் பீரோவில்தான் இருக்கிறது. ஆகவே சொத்து தம்முடையது என்றே அவர் எண்ணியிருந்தார். வழக்கறிஞர் மறுத்துப் பேசவில்லை. கிரயப் பத்திரத்தைப் புரட்டி, 'மைனருக்காகத் தகப்பனாரும் கார்டியனுமான' என்ற சொற்களின் கீழே பென்சிலால் கோடிட்டு, உரிமையாளர் மகள்தான், தகப்பனார் அவளுக்காகக் கையெழுத்திட்ட காப்பாளர் மட்டுமே என்று சொன்ன பிறகுதான் விற்பனையைப் பற்றிப் பேச்செடுத்தார்.

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ இயற்கைக் காப்பாளர், அதாவது தகப்பனார் அல்லது தாய், நீதிமன்றத்தின் முன் அனுமதியைப் பெற்றாக வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் இதே விதிதான். அவசியம் இருந்தாலோ, மைனருக்குத் தெளிவான நன்மை இருந்தாலோ மட்டுமே அனுமதி கிடைக்கும் என்பதால், தம்பியின் கடனை அடைக்க விற்பது ஒன்று, மகளின் படிப்புக்காக விற்பது வேறொன்று என்று வழக்கறிஞர் பிரித்துக் காட்டியது பயனுள்ளதாக இருந்தது. அனுமதியின்றி விற்றால் பத்திரம் பதிவாகியிருந்தாலும், மகள் 18 வயது நிறைந்தபின் மூன்று ஆண்டுகளுக்குள் அதை ரத்து செய்யக் கோரி வழக்குத் தொடரலாம். விவரம் அறிந்து வாங்குகிறவர் எவரும் இப்படிப்பட்ட மனைக்கு முன்பணம் கொடுக்கத் தயங்குவதற்கு இதுவே காரணம்.

பணம் கொடுத்தவன் நான்தானே என்ற கேள்விக்கு அவர் அளித்த விளக்கமே அன்றைய உரையாடலின் சிறந்த பகுதி. கணக்குக் காட்டக்கூடிய வருமானத்தில் பிள்ளையின் பெயரில் வாங்குவதை, 2016-இல் திருத்தப்பட்ட பினாமி தடைச் சட்டம் பினாமியாகக் கருதுவதில்லை. அதனால் பறிமுதல் அச்சம் இல்லை. அதற்காகத் தகப்பனாரே உண்மையான உரிமையாளர் என்று ஆகிவிடாது. அப்படி உரிமை கோருபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்பதோடு, எந்த நோக்கத்தில் அந்தப் பெயரில் வாங்கப்பட்டது, சொத்து யாருடைய கையிலும் பயன்பாட்டிலும் இருந்தது என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். மகளின் எதிர்காலத்துக்காக வாங்கினேன் என்று பத்து பேரிடம் சொல்லிவிட்டவருக்கு அந்த வழக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்று அவர் கேட்டபோது தம்பியிடம் பதில் இல்லை. பாகம் பிரியாத பூர்வீகச் சொத்தில் மைனருக்குள்ள பங்குக்கு 8-ஆம் பிரிவு பொருந்தாது என்பதையும் அவர் குழப்பமில்லாமல் சொன்னார்.

குறைகளும் உண்டு. மைனர் சொத்தின் வாடகை வருமானம், பொதுவாகப் பெற்றோரில் வருமானம் கூடுதலாக உள்ளவரின் வரிக் கணக்கில் சேர்க்கப்படும் என்பதை நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்கள். மனையில் கடை கட்டி வாடகைக்கு விட எண்ணுபவருக்கு இது முதலிலேயே தெரிய வேண்டிய செய்தி. எழுத்து வடிவில் தந்த கருத்துரை முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததால், தம்பியின் மனைவிக்கு அதை வரிவரியாக விளக்க வேண்டியதாயிற்று. அனுமதி மனுவுக்கு ஆகும் செலவைப் பற்றியும் பிடிகொடுக்காமலேயே பேசினார்கள்.

மனுவைச் சொத்து அமைந்துள்ள எல்லைக்குட்பட்ட மாவட்ட நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், மனை வெளி மாவட்டத்தில் உள்ளவர்கள் அந்த ஊர் வழக்கறிஞரையே நாடுவது நல்லது. இங்கே செல்பவர்கள் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று ஆகியவற்றோடு, பணம் செலுத்தியதற்கான வங்கிக் கணக்கு நகலையும் கையோடு கொண்டு போனால் ஒரே அமர்வில் வேலை முடியும்.