மூன்று கிளவுட், ஒரு வயர்கார்டு: மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் கணக்கு மென்பொருளின் சர்வர்கள் மூன்று வெவ்வேறு கிளவுட் நிறுவனங்களிடம் இருக்கின்றன. திட்டமிட்டுச் செய்ததில்லை. ஒன்றில் விலை குறைவு, இன்னொன்று வாடிக்கையாளர் பிடிவாதம், அப்படியே சேர்ந்துவிட்டது. மூன்றையும் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளால் (சர்வர்களுக்கு இடையே டனல் எனும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை போடுவது) இணைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

நிறுவும் வேலை ஒரே மதியத்தில் முடிந்தது. 2020இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் வயர்கார்டு அதன் மையப்பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஐபிசெக் என்ற பழைய விபிஎன் முறையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும். சரியான கீ (மறையாக்கச் சாவி) இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு, அதாவது தரவுத் துண்டுக்கு, வயர்கார்டு பதிலே சொல்லாது.

முதல் தலைவலி எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்ற வரம்பு. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் ஒழுங்காக வேலை செய்யும். பேக்கப் கோப்பை அனுப்பினால் பாதியில் நின்றுவிடும். இரண்டு நாள் டிஸ்க்கைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். எல்லா சர்வரிலும் 1420 என்று கையால் எழுதி வைத்தது நான்தான். ஒரு கிளவுட்டின் உள்வலையில் எம்டியுவே 1460. வயர்கார்டின் உறைக்கு மட்டும் ஐபிவி4இல் 60 பைட், ஐபிவி6இல் 80 போய்விடும்; 1420ஓடு அதைச் சேர்த்தால் 1460ஐத் தாண்டிவிடும். 1380 ஆக்கியதும் சரியானது.

அடுத்தது வயிற்றைக் கலக்கியது. ஒரே கிளவுட்டில் இருந்த காலத்தில் டேட்டாபேஸ் ஃபயர்வாலில் ‘10.0.0.0/8இலிருந்து (10 என்று தொடங்கும் எல்லா ஐபி முகவரிகளும்) வந்தால் விடு’ என்று எழுதியிருந்தேன். டனல் போட்டதும் மற்ற இரண்டு கிளவுட்டுகளும் அதற்குள் அடங்கிவிட்டன. எட்டு மாதம் கழித்து, சோதனை சர்வரில் வேலை பார்த்த தம்பி, “அண்ணே, இங்கேர்ந்து ஒரிஜினல் டேட்டாபேஸ் தெரியுதே” என்றபோதுதான் உறைத்தது. பாஸ்வேர்டு இருந்ததால் தப்பித்தோம். வயர்கார்டைக் குறை சொல்ல முடியாது. எந்த கீக்கு எந்த ஐபி என்று பார்ப்பதோடு அதன் வேலை முடிந்தது; சர்வரில் எந்த போர்ட்டுக்கு (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்) போகலாம் என்பதை நாம்தான் எழுத வேண்டும். ஒரு கிளவுட்டில் போட்ட ஃபயர்வால் விதி அடுத்த கிளவுட்டில் செல்லவும் செல்லாது. இப்போது ஒவ்வொரு சர்வரிலும் லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸ் வைத்து, டனல் வழியே வரும் எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, தேவையான ஐபி, போர்ட்டை மட்டும் திறக்கிறேன்.

கீக்குக் காலாவதி இல்லாதது இன்னும் உறுத்துகிறது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய கீயைப் பதினொரு சர்வரிலும் தேடி நீக்க வேண்டும் (ஒருமுறை இரண்டில் மறந்துபோனேன்). அதனால் இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான நெபுலாவைச் சோதித்து வருகிறேன். அதில் ஒவ்வொரு சர்வருக்கும் தரும் அடையாளச் சான்றிதழுக்குக் காலாவதி உண்டு. சர்வர்களைக் குழுவாகப் பிரித்து, எந்தக் குழு எந்த போர்ட்டுக்குப் போகலாம் என்றும் எழுதலாம். இருபது சர்வரைத் தாண்டினால் மாறிவிடுவேன். இப்போதைக்கு வயர்கார்டே ஓடட்டும்.