ஹிமாலயன் 411: காசை டயரில் போடுவதா, சைலன்சரில் போடுவதா?

ராயல் என்ஃபீல்டின் பழைய பைக்கான ஹிமாலயன் 411 வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே இரண்டு கேள்வி கேட்பார்கள்: எந்த சைலன்சர் போடலாம், எந்த டயர் போடலாம்? பெரும்பாலும் இதே வரிசையில்தான். வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 411 சிசி, 24 பிஹெச்பி சொச்சம், 32 நியூட்டன் மீட்டர் டார்க், ஏறக்குறைய 200 கிலோ எடை. இந்த வண்டியில் சைலன்சரை மாற்றிக் கிடைக்கும் சக்தி காதுக்குத் தெரியும், முறுக்கும் கைக்குத் தெரியாது. டயரை மாற்றினால் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். அதனால் டயரிலிருந்தே ஆரம்பிப்போம்.

பின்சக்கர அளவு

முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17. முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-ல், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். முன் அளவில் எந்தக் கம்பெனியைக் கேட்டாலும் டயர் இருக்கும். இடிப்பது பின் அளவுதான். தார்ரோடு, மண்ரோடு இரண்டுக்குமான வெளிநாட்டு டூயல்-ஸ்போர்ட் டயர்களில் நிறைய 130/80-17-ல் வருகின்றன, 120/90-17-ல் சிலதான். இதை மாற்றிப் போடலாமா என்பதற்குக் கணக்குப் போட்டாலே பதில் வந்துவிடும். 120/90-17-ன் விட்டம் சுமார் 648 மி.மீ. 130/80-17-ன் விட்டம் சுமார் 640. வித்தியாசம் 8 மி.மீ., அதாவது பின்பக்கம் 4 மி.மீ. இறங்கும், சுற்றளவு 1.2 சதவீதம் குறையும். கியர் அந்த அளவுக்குத்தான் சுருங்கும், ஓட்டும்போது தெரியாது. பலர் போட்டு ஓட்டும் அளவுதான் இது. மாட்டியதும் செயின் பக்கமும் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் பக்கமும் இடைவெளி பாருங்கள். பட்டன் டயராக (பெரிய கட்டைகள் கொண்ட மண்ரோட்டு டயராக) இருந்தால் ஓரக் கட்டைகள் அளவில் எழுதியிருப்பதைவிட வெளியே துருத்தி நிற்கும். செயினுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் புகவில்லை என்றால் அந்த டயர் வேண்டாம்.

140/80-17 புதிய ஹிமாலயன் 450-ன் அளவு. அதை 411-ல் திணிப்பது வீண் வேலை: ரிம் குறுகல் என்பதால் டயரின் நடு முதுகு கூம்பும், தரையைத் தொடும் பட்டை அகலமாவதற்குப் பதில் குறையும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. பின்னால் 120/80-18, பதினெட்டு அங்குலத்தில் எண்டூரோ (கரடுமுரடான பாதைக்கான) டயர்கள் கொட்டிக் கிடக்கின்றன.

அளவு சரியானால் பக்கச்சுவரில் இன்னும் மூன்று குறிகளைப் பாருங்கள். சுமை எண் 64 என்றால் அந்த டயர் 280 கிலோ தாங்கும். 54 என்றால் 212 கிலோ. ஓட்டுபவர், பின்னால் ஒருவர், இருபக்கமும் பை என்று ஏற்றினால் பின்சக்கரத்தில் 220 கிலோவுக்கு மேல் வந்துவிடும். அதனால் பின்னால் 64-க்குக் கீழே இறங்க வேண்டாம். வேக எழுத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை: பட்டன் டயர்களில் வரும் க்யூ எழுத்தே மணிக்கு 160 கி.மீ.; இந்த வண்டி அதைத் தொடப்போவதில்லை. நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணை மட்டும் விடாதீர்கள். 2423 என்றால் 2023-ன் 24-வது வாரம். இறக்குமதி டயர்கள் குடோனில் கிடந்து இறுகிப்போய் வருவது சகஜம்.

மூன்று வகை, மூன்று சுபாவம்

தார்ரோட்டு வகையில் இங்கே விற்ற வண்டியோடு வந்த சியட் கிரிப் எக்ஸ்எல் ஒன்று, வெளிநாட்டுக்குப் போன ஹிமாலயனில் வந்த பிரெல்லி எம்டி60 இன்னொன்று. சியட் மலிவு, எங்கும் கிடைக்கும், சத்தம் போடாது, கப்பி ரோட்டில் தாக்குப்பிடிக்கும். ஈர ரோட்டில்தான் அது நம்பிக்கை தராது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளை மழை நாளில் இறங்கினால் பின்சக்கரம் மெல்ல நழுவுவது இடுப்புக்குத் தெரியும். எம்டி60 அதே வேலையை இன்னும் மென்மையான ரப்பரில் செய்கிறது: ஈரத்தில் பிடி கூடுதல், ஆயுள் குறைவு. ஆனால் இரண்டுமே சேற்றில் ஒன்றுதான். நான்கு சுற்றில் பள்ளம் மண்ணால் அடைந்து வழுவழுப்பான உருளையாகிவிடும்.

பாதி தார்ரோடு, பாதி மண்ரோடு என்ற வகையில் அதிகம் பேசப்படுவது மிட்டாஸ் இ-07, ஷின்கோ 705. பெயருக்கு ஒரே வகை, குணம் வேறு. 705 உண்மையில் தார்ரோடு பக்கம் சாய்ந்தது. மண்ரோடு வரை பரவாயில்லை, சேறு வந்தால் கைவிரிக்கும். இ-07 நடுவில் அகலமான சாய்ந்த கட்டைகள் கொண்டது, இறுகிய ரப்பர். பின்டயர் பத்தாயிரம் கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த இறுக்கத்துக்கு விலை குளிரிலும் ஈரத்திலும் தெரியும்: காலையில் முதல் பத்து கிலோமீட்டருக்கு வளைவில் அதை நம்பிச் சாய்க்க வேண்டாம். ஸ்பிதி, லடாக் போல இரண்டு வாரம் ஓடும் பயணத்துக்கு, நடுவில் டயர் கிடைக்காத ஊர்களுக்கு, இ-07 நல்ல தேர்வு. தினமும் வேலைக்குப் போய் மாதம் ஒருமுறை மண்ரோடு பார்ப்பவருக்கு 705 போதும்.

மூன்றாவது பட்டன் டயர். கான்டினென்டல் டிகேசி 80 இதில் நாகரிகமானது: பெரிய சதுரக் கட்டை, மென்மையான ரப்பர், தார்ரோட்டிலும் வியப்பாகப் பிடிக்கும். அந்த மென்மையால் பின்டயர் ஐந்தாறாயிரம் கிலோமீட்டரில் தேய்ந்து நிற்கும். கோடையில் நெடுஞ்சாலையில் 100-ல் மணிக்கணக்கில் ஓட்டினால் இன்னும் சீக்கிரம். கட்டை வளைந்து நிமிர்வதில் சூடாகி, ஓரம் பிய்ந்து வரும். தேய்மானத்தையும் தொட்டுப் பாருங்கள்: உள்ளங்கையை டயர் சுற்றும் திசையில் தடவினால் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் கட்டைகள் ஒருபக்கமாகத் தேய்கின்றன. முன்சக்கரம் 60-ல் முனகுவதும் ஹேண்டில் நடுங்குவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். அந்த நடுக்கத்துக்காகப் பேரிங் மாற்றிக் காசு விட்டவர்கள் நிறைய.

ஒரே வகையை இரண்டு சக்கரத்திலும் போட்டாக வேண்டும் என்பதில்லை. மண்ணில் பின்சக்கரம் நழுவினால் த்ராட்டிலைக் குறைத்துச் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் ஆள் கீழே. தேய்வதோ பின்டயர்தான் முதலில். அதனால் முன்னால் டிகேசி 80, பின்னால் இ-07 என்று கலந்து போடுவது புத்திசாலித்தனமான சிக்கனம். ஈரமான தார்ரோட்டில் முன் பிரேக்கை அழுத்தும்போது கட்டை நெளிவதற்கு மட்டும் இடம் விட்டு, பிரேக்கைச் சற்று முன்கூட்டியே பிடிக்கப் பழக வேண்டும்.

காற்றும் மாட்டும் முறையும்

நல்ல டயரைக் கெடுப்பது காற்றுதான். தனியாக ஓட்டும்போது தார்ரோட்டில் முன்னால் 25, பின்னால் 32 பிஎஸ்ஐ. கப்பி ரோட்டில் 22, 26. தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல் போன்ற இடத்தில் 18, 20 வரை இறக்கலாம். அதற்குக் கீழே வேண்டாம், இது ட்யூப் டயர். கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பக்கத்துப் பக்கமாக இரண்டு கீறல் விழும். பஞ்சர் கடைக்காரர் முள் தேடிக்கொண்டிருப்பார். கீறல் இரட்டையாக இருந்தால் குற்றவாளி முள் அல்ல, காற்றுக் குறைவு. இறக்கிய காற்றைத் தார்ரோடு ஏறுமுன் நிரப்பாமல் 80-ல் போனால் டயர் உள்ளுக்குள் வேகும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் கடைகளில் விடுபடுபவையும் அவையேதான். ட்யூப்லெஸ் என்று எழுதிய டயருக்குள் ட்யூப் போடுவதானால் உட்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முழுக்க உரித்து, பவுடர் தூவுங்கள். ஸ்டிக்கர் ஓரம் உரசியே ட்யூப் ஓட்டையாகும். ரிம்முக்கும் ட்யூபுக்கும் நடுவே இருக்கும் ரிம் பெல்ட் காய்ந்து வெடித்திருந்தால் புதிது. அம்புக்குறி ஓடும் திசையில் இருக்கட்டும். டயர் லிவரால் கடைசி ஒரு சாண் நீளத்தை ஏற்றும்போது, நேர் எதிர்ப்பக்கம் விளிம்பை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்திப் பிடித்தால் பலமே தேவைப்படாது. பலம் தேவைப்பட்டால் எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லை என்று அர்த்தம். அங்கேதான் ட்யூப் கிள்ளப்படுகிறது. காற்றேற்றியதும் பக்கச்சுவரில் உள்ள மெல்லிய வளையம் ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா பாருங்கள். வால்வ் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல் மேலே மூடியோடு விடுங்கள். டயர் ரிம்மில் நகர்ந்தால் வால்வ் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கியிருந்தால் வால்வ் கிழிந்த பிறகுதான் தெரியும்.

சைலன்சர்: மூன்று வழி

முதல் வழி, கம்பெனி சைலன்சரை அப்படியே விடுவது. கனமானது, அழகில்லை. ஆனால் உள்ளே அறை அறையாகத் தடுத்த இரும்பு. எரிந்துபோகப் பஞ்சு இல்லை, விழுந்தால் நசுங்குமே தவிர உடையாது.

இரண்டாவது, ஸ்லிப்-ஆன். பின் உருளையை மட்டும் மாற்றுவது. 411-ல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்-கான் (கேட்டலிடிக் கன்வர்ட்டர்), எஞ்சினிலிருந்து வரும் வளைந்த குழாயான பெண்ட் பைப்பிலேயே இருப்பதால் அது அப்படியே நிற்கும், ஆக்சிஜன் சென்சாரும் நிற்கும், எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியு எதையும் கவனிக்காது. கிடைப்பது ஓரிரு கிலோ எடைக் குறைப்பும் கொஞ்சம் கனத்த சத்தமும். சக்தி கூடும் என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். வாங்கினால் கழற்றி மாட்டக்கூடிய டிபி கில்லர் (சத்தத்தைக் குறைக்கும் செருகு) இருப்பதாகப் பாருங்கள், அதைக் கழற்றவும் செய்யாதீர்கள். உள்ளே கண்ணாடிப் பஞ்சு. பத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரில் எரிந்து குறைந்து, சத்தம் தகரத்தில் தட்டுவது போல மாறும். ரிவெட் அடித்து மூடியதைவிட போல்ட் போட்டதை வாங்கினால் பஞ்சை வீட்டிலேயே மாற்றலாம். சைலன்சர் இருப்பது வலது பக்கம்: பக்கவாட்டுப் பை மாட்டுபவர்கள் வெப்பத் தடுப்புத் தகடு இல்லாத ஸ்லிப்-ஆனை வாங்கினால், பையின் அடி உருகிய பிறகு தகடு தேட வேண்டிவரும்.

மூன்றாவது, பெண்ட் பைப்போடு முழு செட். கேட்-கான் போய்விடும். இங்கேதான் வண்டி கெடுவது ஆரம்பம். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு பெட்ரோலைத் திருத்துவது ஐட்லிங்கிலும் சீரான மிதவேகத்திலும்தான். த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் சென்சாரைப் பார்க்காமல் மனப்பாடக் கணக்கில் ஊற்றும். அந்தக் கணக்கு பழைய குழாய்க்குப் போட்டது. காற்று கூடி பெட்ரோல் கூடாததால் கலவை லீனாகும்; காற்றில் குளிரும் இந்த எஞ்சின் மலையேற்றத்தில் சூடேறும். சரிசெய்ய ஈசியுவோடு சேர்த்து மாட்டி அதன் கணக்கைத் திருத்தும் பவர்ட்ரானிக் போன்ற பிக்கிபேக் பெட்டி வேண்டும், அதற்கு மேப் (பெட்ரோல் கணக்கு) போடத் தெரிந்த ஆளும் வேண்டும். எல்லாம் செய்து மேல் ஆர்பிஎம்மில் ஓரிரு பிஹெச்பி கிடைத்தாலே பெரிது. இந்த வண்டியின் பலமோ 4000 ஆர்பிஎம் பக்கம் கிடைக்கும் அடி இழுவை. விட்டம் பெரிய, நீளம் குறைந்த குழாய் அதைத்தான் முதலில் தின்னும். பாறை மேட்டில் முதல் கியரில் உருட்டி ஏற்றும்போது த்ராட்டிலுக்கு வண்டி தடுமாறினால் காரணம் அதுதான்.

எந்த வழியாக இருந்தாலும் வேலை முடிந்ததும் கசிவு பார்க்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த கையுறையோடு ஈரத்துணியை மடித்துச் சைலன்சர் வாயை ஒரு நொடி அழுத்துங்கள். இணைப்பு சரியென்றால் எஞ்சின் திணறும். சரியில்லை என்றால் கிளாம்ப் பக்கம் “டிக் டிக்” என்று கேட்கும். சில நாளில் அங்கே கரிக்கோடும் விழும். சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, சென்சார் அதை லீன் என்று படிக்கும், ஈசியு பெட்ரோலை மேலும் ஊற்றும். ப்ளக் கருக்கும், மைலேஜ் விழும், த்ராட்டிலை விட்டால் பட்டாசு வெடிக்கும். அந்த வெடியை “ரேஸ் சவுண்ட்” என்று ரசிப்பவர்கள் உண்டு. உண்மையில் அது பத்திப்போன கேஸ்கெட். பெண்ட் பைப்பைக் கழற்றினாலே எஞ்சின் ஹெட்டில் உள்ள கேஸ்கெட் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள், பழையது ஒருமுறை நசுங்கியது. நட்டுகளை முதலில் கையால் திருகி, பின்னால் தாங்கி போல்ட்டையும் தளர்வாக மாட்டி, குழாய் தானாக உட்கார்ந்த பிறகே ஹெட் பக்கத்திலிருந்து இறுக்கி வாருங்கள். தலைகீழாக இறுக்கினால் குழாய் இழுவிசையில் நிற்கும்; மண்ரோட்டு அதிர்வில் தாங்கியின் வெல்டிங் விடும்.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் 80 டெசிபல்தான் வரம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவுப்படி ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. கேட்-கான் இல்லாத முழு செட் இரண்டு வரம்பிலும் மாட்டும். கிராமத்துக்குள்ளும் காட்டோரமும் போகும் வண்டிக்குச் சத்தம் குறைவதுதான் லாபம். மண்பாதையில் பைக்குகளைத் தடுத்துக் கேட் போடுவதற்கு முதல் காரணமாக ஊரார் சொல்வது சத்தத்தைத்தான்.

ஆக, ஒரு நல்ல ஸ்லிப்-ஆன் விலை கையில் இருந்தால் முதலில் டயர் ஜோடி, கனமான ட்யூப் இரண்டு, காற்றளவு பார்க்கும் கேஜ், கைப்பம்ப். மீந்தால் டிபி கில்லரோடு ஸ்லிப்-ஆன். முழு செட்டை ரோட்டில் ஓடும் 411-க்குப் பரிந்துரைக்கக் காரணமே இல்லை. ஸ்லிப்-ஆன் போட்டால், கழற்றிய கம்பெனி சைலன்சரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, வாயில் எண்ணெய்த் துணி அடைத்து, அதன் கிளாம்ப்பையும் ரப்பர் புஷ்களையும் ஒரு கவரில் போட்டு அதன் மேலேயே கட்டி வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.