லாண்ட்மாஸ்டர், பெற்றோல் மோட்டார் சைக்கிள், பற்றரி ஸ்கூட்டர்: வன்னிக்கு எது?

வண்டி வாங்கும் பேச்சு வந்தால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இந்த மூன்றும்தான் அடிபடும். இதில் லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை முதலிலேயே தனியே எடுத்துவிடலாம். அதற்குப் போட்டி இல்லை. காலையில் வயலைப் புரட்டும், மத்தியானம் பெல்ற் மாட்டினால் தண்ணி இறைக்கும், பின்னேரம் பெட்டி கொழுவினால் நெல் மூட்டையோடு வீட்டுச் சனத்தையும் ஏற்றிக்கொண்டு குளக்கட்டால் வரும். காலபோக உழவில் பகல் முழுக்க ஓடவேண்டிய இயந்திரம் அது. வயல் நடுவில் பற்றரி இறங்கினால் எங்கே கொண்டுபோய்ச் சார்ஜ் போடுவது? இப்போதைக்கு டீசல்தான்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில். நாளுக்கு 20 கிலோமீற்றர், மாதம் 600 என்று வையுங்கள். மோட்டார் சைக்கிள் 13 லீற்றர் வரை குடிக்கும். லீற்றர் 300 ரூபா என்றாலே நாலாயிரம் ரூபா. ஸ்கூட்டருக்கு 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 3 யூனிற், மாதம் 18 யூனிற் போதும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. மாதம் 50 யூனிற் எரிக்கும் வீடு இதோடு 60ஐத் தாண்டிவிடும். தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் கூடும். பில் இரண்டு மடங்குக்கு மேலும் ஆகலாம். அப்படியும் அது பெற்றோல் செலவுக்குக் கிட்டவும் வராது.

விலையை விட எனக்குப் பெரிதாகப் படுவது கிடைப்பதுதான். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் மோட்டார் சைக்கிளை நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் புகை கக்க ஓடிய ஊர் இது. 2022 ஜூனில் பெற்றோல் 470 ரூபா, அதற்கும் நாள்கணக்கில் வரிசை. அதே வருடம் ஓகஸ்டில் 87 ரூபா மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ஆனது. ஸ்கூட்டர் பற்றரியைச் சோலார் மின்சாரத்திலேயே சார்ஜ் போடலாம்; வெயிலை யாரும் கப்பலில் இறக்கத் தேவையில்லை.

கொள்கைதான் குறுக்கே நிற்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. பகலில் மின்சாரம் மிச்சம், வாங்க ஆளில்லை. நாங்களோ வேலை முடிந்து வந்து, நாடே விளக்குப் போடும் ஆறரை மணிக்குத்தான் சார்ஜரைச் செருகுவோம். மத்தியானம் போட்டாலும் சாதாரண வீட்டு மீற்றரில் அதே விலைதானே! உரத்துக்கும் மானியத்துக்கும் சனம் பகலில் வந்து காத்துக்கிடக்கும் கமநல சேவை நிலையத்தின் கூரையில் சோலார் போட்டு, முற்றத்தில் நாலு பிளக் வைத்து மலிவாகக் கொடுத்தால் என்ன? மன்னாரில் 100 மெகாவாற் காற்றாலை நிறுவ முடிந்த நாட்டுக்கு இது பெரிய வேலையில்லை.

என் தேர்வு: சந்தை, பள்ளிக்கூடம், வயல் என்று ஊருக்குள் ஓடுபவர் ஸ்கூட்டரை எடுக்கலாம். ஒட்டுசுட்டானிலிருந்து கிளிநொச்சிக்குத் தினம் போய்வருபவர் பெற்றோலிலேயே நிற்கட்டும். மலிவான ஸ்கூட்டரின் ஒரு சார்ஜ் அதற்குக் காணாது. எடுப்பதானால் ஈயப் பற்றரியா லித்தியமா என்று கேளுங்கள். ஈயம் மலிவு, ஆனால் சீக்கிரம் படுத்துவிடும். மாற்றுப் பற்றரி மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ கிடைக்குமா, கொழும்புக்குத்தான் சொல்லவேண்டுமா என்பதையும் காசு கொடுக்க முன்னம் விசாரியுங்கள்.