ராக் ஷோ டிக்கெட், பிக், ஆட்டோகிராஃப் ஃப்ரேம் பண்ண சிவாஜிநகர்ல ஒரு கடை

பெங்களூர்ல ஷோ ஷோவா போய் சேத்து வச்ச டிக்கெட்டு, பிக்கு (கிட்டார் கம்பிய மீட்டற சின்ன பிளாஸ்டிக் துண்டு), கையெழுத்து வாங்குன சிடி கவரு எல்லாத்தையும் பீரோவுல பூட்டி வச்சிருக்கவங்களுக்காகத்தான் இத எழுதறேன். சிவாஜிநகர்ல ரஸல் மார்க்கெட் தாண்டி உள்ள போற சந்துல ஒரு பாய் ஃப்ரேம் கடை வச்சிருக்காரு. போர்டெல்லாம் கெடையாது, வாசல்ல மெக்கா படம், மாதா படம், முருகர் படம் மூணும் பக்கத்துல பக்கத்துல சாத்தி வச்சிருக்கும், அதான் அடையாளம். நல்லா தமிழ் பேசுவாரு.

நான் எடுத்துட்டு போனது மூணு ஐட்டம். 2005 மார்ச்ல கிட்டாரிஸ்ட் மார்க் நாஃப்ளர் வந்தப்ப வாங்குன டிக்கெட், 2007ல அயர்ன் மெய்டன் பேண்டோட கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித் கையெழுத்து போட்டு குடுத்த சிடி புக்லெட், 2011 அக்டோபர் 30 மெட்டாலிகா ஷோ முடிஞ்சு அவங்க கிட்டாரிஸ்ட் கர்க் ஹாமெட் வீசுன பிக். மூணுமே பேலஸ் கிரவுண்ட்ஸ் ஷோ.

இதுக்கு முன்னாடி வேற ஏரியால ஒரு கடைக்கு போனா (பேரு வேணாம்) டிக்கெட்டை பாத்த உடனே லேமினேஷன் மெஷினை ஆன் பண்றாரு, கையில இருந்து பிடுங்காத குறையா வாங்கிட்டு வந்துட்டேன். தயவுசெஞ்சு யாரும் லேமினேட் பண்ணாதீங்க. தெர்மல் பிரிண்ட் (மை இல்லாம சூட்டுலயே அச்சாகறது) டிக்கெட்டா இருந்தா அந்த சூட்டுக்கு மொத்தமா கறுத்துரும், மார்க்கர் மையும் கசிய சான்ஸ் இருக்கு, அப்புறம் உள்ள இருக்கறத திரும்ப வெளிய எடுக்கவே முடியாது. பிவிசி கவர் போட்ட ஆல்பத்துல வச்சாலும் தெர்மல் பிரிண்ட் மெதுவா மங்கும், பாய்தான் இத சொன்னாரு, மொதல்ல ஒரு ஸ்கேன் எடுத்து வச்சுட்டு வாங்க தம்பின்னு திருப்பி அனுப்பிட்டாரு. வந்த வேலைய விட்டுட்டு பொருளை பத்தி கவலைப்படறாரே, அங்கயே எனக்கு அவரை புடிச்சு போச்சு.

அந்த புக்லெட் கதைய சொல்லியே ஆகணும். மெய்டன் இந்தியாவுல வாசிச்ச மொத ஷோ அது, மார்ச் 17. அதுக்கு முந்தின நாள் அல்சூர் பசங்க நாங்க கொஞ்ச பேரு ஒரு ஹோட்டல் கேட்டுக்கு வெளிய மத்தியானத்துல இருந்து நிக்கறோம், செக்யூரிட்டி வெரட்ட வெரட்ட எதிர் பிளாட்ஃபாரத்துக்கு போய்ட்டு திரும்ப வரோம், பொழுது சாயற நேரத்துல ஒருத்தரு சாதாரண டீ ஷர்ட்ல நடந்து வராரு, பாத்தா ஏட்ரியன் ஸ்மித்! ஸ்கூல் படிக்கறப்ப இருந்து டேப் தேய தேய கேட்டு ஒவ்வொரு கிட்டார் சோலோவா புடிச்சிருக்கேன், எதிர்ல வந்து நின்னப்ப வாயில ஒரு வார்த்தை வரல. புக்லெட்டை நீட்டினேன், கீழ வச்சு எழுத எதுவும் இல்ல, என் உள்ளங்கையவே தட்டு மாதிரி விரிச்சு புடிச்சேன், அது மேல வச்சே போட்டாரு. பேனா அழுத்துனது உள்ளங்கைல தெரிஞ்சுது. இப்பவும் புக்லெட்டை சாய்ச்சு லைட்ல பாத்தீங்கன்னா கையெழுத்து போன தடம் பள்ளமா தெரியும்.

பாய் அதத்தான் மொதல்ல பாத்தாரு. கண்ணாடி அழுத்துச்சுன்னா இந்த பள்ளம் போயிரும், அதனால நடுவுல ஸ்பேசர் வச்சு கேப் விட்டுத்தான் போடணும்னாரு. அப்புறம் நடு மடிப்புல இருந்த ரெண்டு பின்னை காட்டினாரு, பெங்களூர் ஈரத்துல துரு புடிச்சு பேப்பர்ல காவி கலர் எறங்க ஆரம்பிச்சிருந்துது. மெல்லிசு பிளேடால பின்னை நிமுத்தி மூச்சு விடாம உருவி எடுத்தாரு பாருங்க, அந்த பொறுமைக்கே காசு குடுக்கலாம். ஒட்டறதுக்கு பசை கெடையாது, நாலு மூலைக்கும் பேப்பர் கார்னர், பின்னாடி பேப்பரை மஞ்சளாக்காத ஆசிட் ஃப்ரீ போர்டு. நாளைக்கு கழட்டணும்னாலும் அப்படியே வந்துரும்.

ஹாமெட் பிக்குக்கு மவுண்ட் போர்டுல அதே ஷேப்ல குழி வெட்டி உக்கார வச்சிருக்காரு. டெல்லி பக்கத்துல குர்கான்ல நடக்க வேண்டிய மெட்டாலிகா ஷோ ரெண்டு நாள் முன்னாடி கேன்சலாகி அங்க இருந்தெல்லாம் ஆளுங்க இங்க வந்து சேந்த கூட்டம் அது, அந்த கால்களுக்கு நடுவுல தேடி எடுத்த பிக்கு. ஓரத்துல ஒட்டியிருக்கற மண்ணை தொடைக்க வேணாம் பாய்னேன், ஏன் எதுக்குன்னு கேக்கல, அப்படியே விட்டுட்டாரு. நாஃப்ளர் டிக்கெட்டும் நீட்டா வந்துருக்கு. அவரை நேர்ல மீட் பண்ணல, அவரு பிக் வச்சு வாசிக்கற ஆளும் இல்ல, கட்டைவிரலும் பக்கத்து ரெண்டு விரலும்தான், அன்னைக்கு முழுக்க அந்த வலது கையதான் பாத்துட்டு நின்னேன். அதுக்கு இந்த டிக்கெட் மட்டும்தான் எங்கிட்ட இருக்கு.

கொறைன்னா, சொன்ன தேதிக்கு தர மாட்டாரு, ஃபோன் எடுக்க மாட்டாரு. யூவி கண்ணாடி (வெயில்ல இருக்கற புற ஊதா கதிரை தடுக்கறது) ஸ்டாக் வைக்கறதில்ல, ஆர்டர் போட்டுத்தான் வரும், ரேட்டும் சாதா கண்ணாடிய விட நல்லா ஜாஸ்தி. ஆனா அதுல கஞ்சத்தனம் பாக்காதீங்க, மார்க்கர் மை வெயில்ல வெளுத்துரும். யூவி கண்ணாடி போட்டாலும் ஜன்னலுக்கு எதிர் செவுத்துல மாட்டாதீங்க. எனக்கு மூணும் சேத்து ஏழாயிரம் கிட்ட ஆச்சு, ஒத்த ரூபா கூட வருத்தம் இல்ல.

வண்டி நிறுத்த எடமே கெடைக்காது, எம்.ஜி. ரோடு மெட்ரோல எறங்கி ஆட்டோ புடிச்சுருங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்கு மூடிருவாரு.