ராயபுரம் பக்கம் கல்லறைத் திருநாள் பூசை: போய் வந்தவளின் அனுபவம்

வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று வடசென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கத்தோலிக்கக் கோவில்களில் இறந்தவர்களுக்காகப் பூசை வைப்பார்கள். முடிந்தால் போய் வாருங்கள். நான் சொல்வது எங்கள் பங்குக் கோவிலில் நடந்ததை வைத்து.

அம்மா இறந்து முப்பதாம் நாள் பூசை முடியும் வரை வீடு நிறைய ஆட்கள். அப்புறம் யாரும் அம்மா பேரையே எடுப்பதில்லை. எடுத்தால் நாங்கள் அழுதுவிடுவோம் என்று அவர்களாகவே பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நல்ல மனசில்தான் செய்கிறார்கள், ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்தது அந்தப் பேரை வேறு யாராவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்பதுதான். அது இந்தப் பூசையில் கிடைத்தது.

அக்டோபர் கடைசியிலேயே கோவில் அலுவலகத்தில் இறந்தவர்களின் பேரை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு மன்றாட்டு நேரத்தில் ஒவ்வொரு பேராக மைக்கில் வாசிப்பார்கள், பேர் வந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் எழுந்து போய்ப் பீடத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள், அவ்வளவுதான் சடங்கு. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அம்மா பேர் வந்தபோது அவருக்குக் கேட்டதா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். கை நடுக்கத்தில் திரி பற்றவே இல்லை. பின்னால் நின்ற ஒரு அக்கா, முன்பின் தெரியாதவர், தன்னுடைய மெழுகுவர்த்தியைச் சாய்த்து அப்பாவுடையதை ஏற்றிக் கொடுத்தார். அவரும் யாரையோ இழந்தவர்தான். யாரை என்று நான் கேட்கவில்லை, அவரும் எங்களைக் கேட்கவில்லை.

பேர்ப் பட்டியலில் இரண்டு விஷயம் மனதில் நின்றுவிட்டது. ஒன்று, "பேர் வைக்காத ஆண் குழந்தை" என்று ஒரு வரி. அந்தத் தாய்க்கு அதைச் சொல்லி அழ வேறு எந்த இடம் இருக்கிறது? இன்னொன்று, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள். நம் பக்கத்தில் உடல் கரைக்கு வராத வீடுகள் உண்டு. பூப்போடக் கல்லறை இல்லை, மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு சிலுவை இல்லை. சுனாமி நினைவு நாளான டிசம்பர் 26 அன்று காசிமேட்டில் கடலில் பால் ஊற்றிப் பூப்போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லறை இல்லாத அந்த வீட்டுக்காரர்களுக்கு, மற்ற எல்லாரோடும் சமமாக நின்று மெழுகுவர்த்தி ஏற்ற இந்தப் பூசையில் இடம் இருக்கிறது.

பிரசங்கம் சின்னதுதான். தன் நண்பர் லாசர் இறந்தபோது இயேசுவே அழுதார், அதனால் அழுவது விசுவாசக் குறைவு இல்லை என்றார் ஃபாதர். எனக்கு அது போதும். "எல்லாம் ஆண்டவர் சித்தம், அழாதீங்க" என்று வேறொரு இடத்தில் கேட்டுவிட்டு அப்பா நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். துக்கத்தில் இருப்பவர்களிடம் தயவுசெய்து யாரும் அப்படிப் பேசாதீர்கள்.

அன்று ஒரு குருவானவர் மூன்று பூசை வரை வைக்கலாம். 1915இல், முதல் உலகப் போரில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது, பதினைந்தாம் பெனடிக்ட் பாப்பரசர் கொடுத்த அனுமதி அது. அதனால் காலையில் தவறவிட்டாலும் பெரும்பாலும் மாலையில் ஒன்று இருக்கும். வயதானவர்களை மாலைப் பூசைக்கே கூட்டிப் போங்கள்.

ஃபாதர் கல்லறைகளை ஆசீர்வதிக்கும் கல்லறை மந்திரிப்புக்கும் போனோம். அது வேறு மாதிரி. முதல் நாளே சுண்ணாம்பு அடித்து, சாமந்தியும் மல்லியும் போட்டு, ஊதுபத்திப் புகையில் இடமே திருவிழா மாதிரி இருக்கும். ஆனால் ஐப்பசி மழை. வரிசைகளுக்கு நடுவில் சேறு, ஏற்றிய மெழுகுவர்த்தி காற்றில் நிற்காது, கூட்டத்தில் வயதானவர்களுக்கு உட்கார இடம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் குடையும் எடுத்துப் போவது நல்லது. தனியாக அழ வேண்டும் என்றால் அன்றைக்கு அது சரிப்படாது, கூட்டம் குறைந்ததும் இன்னொரு நாள் போங்கள். நவம்பர் மாதம் முழுவதுமே இறந்தவர்களுக்கானதுதான்.

குறை என்றால் ஒன்று உண்டு. பட்டியலைப் பாதி வரை ஒருவர் நிதானமாக வாசித்தார், அப்புறம் வந்தவர் நேரமாகிறது என்று மூச்சு விடாமல் ஓட்டிவிட்டார். தங்கள் பேர் போய்விட்டதா என்று தெரியாமல் இரண்டு குடும்பம் எழுந்து நின்றபடி முழித்தது. பாட்டை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம், பேர்களை அவசரப்படுத்தக் கூடாது. பூசை முடிந்ததும் போய்ச் சொன்னேன், அடுத்த முறை ஒருவரையே வாசிக்கச் சொல்வதாகச் சொன்னார்கள்.

கிறிஸ்தவர் இல்லாதவர்களும் வரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எங்கள் எதிர்வீட்டு அக்கா நெற்றியில் திருநீறோடு வந்து அம்மாவுக்காக உட்கார்ந்திருந்தார். நன்மை (பூசையில் குருவானவர் கொடுக்கும் அப்பம்) வாங்க மட்டும் வரிசையில் போக வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கலாம். பேர் எழுதிக் கொடுக்கும்போது தமிழில் தெளிவாக, வீட்டில் கூப்பிடும் பேரையும் சேர்த்து எழுதுங்கள், அதையும் வாசிக்கிறார்கள்.